வரப்பில் ஓடிக் கோடு வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயல்களின் எல்லையோரம் ஓடி, அந்தத் தடத்தைக் கைபேசியில் பதிவுசெய்து, அதையே ஓவியமாகக் காட்சிக்கு வைக்க விரும்புவோர் செய்யும் முதல் தவறு, வரப்பை வெறும் கோடாக எண்ணுவதாகும். காவிரிப் படுகையில் நடவுக்கு முன் வரப்பின் பக்கங்களைச் சீவி, சேறு அணைத்து, நீர் கசியாதபடி உழவர்கள் அதை ஒழுங்குசெய்கிறார்கள். அந்தச் சேறு காய்வதற்குள் ஒருவர் ஓடினால் வரப்பு சரிந்து, தேக்கிய நீர் அடுத்த வயலில் இறங்கிவிடக்கூடும். வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றியிருந்தால் அதுவும் மிதிபடும்.

அறுவடைக்குப் பின் வயல் வெறுமையாகக் கிடக்கும் என்று நம்பித் தை, மாசியில் கிளம்புவது இரண்டாவது தவறு. சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாள்களுக்கு முன்பே ஈர மண்ணில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கும் வழக்கம் இருப்பதால், அறுத்த நெல்தாளாக மட்டும் தெரியும் இடத்தில் இளம் பயிர் நிற்கும். பயறும் எடுத்த பிறகு வரும் சித்திரையே இதற்கு ஏற்ற காலம்.

ஒரு பக்கத்து உரிமையாளரிடம் மட்டும் அனுமதி கேட்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். ஆண்டுதோறும் வரப்பைச் சிறிது சிறிதாகச் சீவித் தம் பக்கம் சேர்த்துக்கொண்டதாக எழும் வழக்குகள் நம் ஊர்களில் புதியவை அல்ல; அத்தகைய வரப்பில் முன்பின் தெரியாத ஒருவர் கைபேசியும் கையுமாக ஓடினால், அவரை நில அளவைக்கு வந்தவர் என்றோ மனைத்தரகர் என்றோதான் நினைப்பார்கள். ஆகவே இரு பக்கத்தாரிடமும், குத்தகைக்குப் பயிரிடுபவரிடமும் பேச வேண்டும். இருட்டில் ஓடவே கூடாது: கண்ணாடி விரியன் இரவில் நடமாடும், பன்றிக்காகத் திருட்டுத்தனமாகப் போடும் மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாது.

ஆங்கிலேயக் கலைஞர் ரிச்சர்ட் லாங் 1967இல் இங்கிலாந்தின் புல்வெளி ஒன்றில் முன்னும் பின்னுமாக நடந்து, புல் மடங்கிக் கோடு தெரிந்ததும் அதைப் படம்பிடித்தார். அதைப் பின்பற்றி வரப்பில் தடம் பதிய ஓடுவது பொருந்தாது. புல் நிமிர்ந்துவிடும், சரிந்த வரப்பை ஒருவர் மண்வெட்டியோடு வந்து கட்ட வேண்டியிருக்கும்.

பதிவிலும் ஒரு பிழை நேர்கிறது. திறந்த வெளியிலும் கைபேசியின் இடங்காட்டி ஏறத்தாழ 5 மீட்டர் விலகக்கூடும். பல வரப்புகளின் அகலமோ ஓரிரு அடிதான். எனவே ஒழுங்காக வரப்பில் ஓடியவரும் வயலுக்குள் தடுமாறியவராகவே திரையில் தெரிவார். அதை மென்பொருளால் நேராக்கினால் கிடைப்பது வருவாய்த்துறையின் நில எல்லை வரைபடமான புலப்படத்தின் நகல்தான். அதற்கு ஓடியிருக்கவே வேண்டாம். கோணல்களைத் திருத்தாமல், ஒரே எல்லையை நான்கைந்து நாள்கள் ஓடி, தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால், ஒவ்வொரு நாளின் விலகலும் தனித்தனியே தெரியும்.