மேடைப் பேச்சைத் தொழிலாக எடுத்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் வட்டாரத்தில் தன்முனைப்புப் பேச்சையே (மோட்டிவேஷன் பேச்சு) தொழிலாக எடுத்துக்கொள்ளும் இளைஞர்களை அடிக்கடி பார்க்கிறேன். குரல் வளம் இருக்கிறது, நல்ல தமிழ் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. ஆனாலும் பலருக்கு ஒரே இடத்திலிருந்து இரண்டாவது அழைப்பு வருவதில்லை. கை நடுங்குவது, ‘வந்து... வந்து...’ என்று இழுப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஒன்றில் சேர்ந்து விடாமல் போய்வந்தால் அவை குறைந்துவிடும். நன்றாகப் பேசத் தெரிந்தவர்களே செய்யும் தவறுகள்தான் என் கவலை.

நேரம் குறைந்ததும் வேகத்தைக் கூட்டுவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) மாணவர்களுக்கான நிகழ்ச்சி. நிகழ்ச்சி நிரலில் ஓர் இளம் பேச்சாளருக்குப் பத்து மணிக்கு உரை, முக்கால் மணி நேரம். சிறப்புப் பிரமுகர் வந்து சேரவே பத்தரை ஆகிவிட்டது. அப்புறம் தேசிய கீதமான நெகாராகூ, தமிழ் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைவர் உரை, பிரமுகர் உரை, மாதிரிக் காசோலை, பொன்னாடை, படம் எடுப்பது. மைக் அந்தத் தம்பியின் கைக்கு வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு.

அவர் முக்கால் மணி நேரப் பேச்சை அப்படியே அரை மணிக்குள் ஓட்டப் பார்த்தார். சிலைடுகள் பறந்தன. அந்த மண்டபத்தில் எதிரொலி வேறு. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்தது வந்து மேலே விழுந்தது. பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ‘நேரமின்மை காரணமாக’ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி மூன்று மாதங்களில் எப்படிப் படிப்பது என்று சொல்லத்தான் ஆசிரியர்கள் அவரை அழைத்திருந்தார்கள். அந்தப் பகுதிக்கு அவர் வந்தபோது பாதிக் கூட்டம் சாப்பாட்டு வரிசையில் நின்றது.

தாமதம் அவர் தவறல்ல, சரி. ஆனால் நம் நிகழ்ச்சிகள் தாமதமாகும் என்பது ஊரறிந்த விஷயம். தெரிந்தும் ஒரே நீளத்தில் பேச்சைத் தயாரித்து வருவதுதான் தவறு. டோஸ்ட்மாஸ்டர்ஸில் ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சென்றால், ஐந்தாவது நிமிடம் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. போட்டியென்றால் ஏழரை நிமிடத்தைத் தாண்டினால் தகுதியே போய்விடும். நல்ல பயிற்சிதான். ஆனால் அங்கே உங்கள் நேரம் எவ்வளவு என்று முன்பே தெரியும். மண்டபத்தில் நீங்கள் நாற்காலியில் காத்திருக்கும்போதே உங்கள் நேரம் கரைந்துகொண்டிருக்கும்.

இதனால் ஏற்படும் நட்டம் பெரியது. நம் வட்டம் சின்னது. அந்த மண்டபத்தில்தான் இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியரும், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும், கோயில் நிர்வாகத்தில் இருப்பவரும் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த அழைப்பு அவர்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். தாமதத்துக்கு யார் காரணம் என்று அவர்கள் யோசிக்க மாட்டார்கள். ‘அந்தப் பையன் பேசினது புரியலப்பா’ என்பதுதான் மனத்தில் நிற்கும்.

அதனால் பேச்சை முதலில் பதினைந்து நிமிடத்துக்குத் தயாரியுங்கள். அவர்கள் எதற்காக உங்களை அழைத்தார்களோ அது முழுவதும் அந்தப் பதினைந்துக்குள் இருக்கட்டும். கதை, கேள்வி பதில், சின்ன விளையாட்டு இவையெல்லாம் அதன் மேல் ஏற்றுகிறவை. நேரம் குறைந்தால் இறக்கிவிடலாம். வெட்டுவதானால் முன்னுரையை வெட்டுங்கள், முடிவுரையில் கை வைக்காதீர்கள். சிலைடு இல்லாமலும் ஒருமுறை பேசிப் பழகுங்கள்.

முதல் நாள் ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டு, ‘எனக்கு எத்தனை நிமிஷம் சார்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘மண்டபத்தை எத்தனை மணிக்குக் காலி செய்யணும்? சாப்பாடு எப்போ? பிரமுகர் எனக்கு முன்னால் பேசுகிறாரா, பின்னாலா? பிள்ளைகளின் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புது?’ என்று கேளுங்கள். உண்மையான நேரம் அந்தப் பதில்களில் இருக்கிறது. மேடையேறிய பிறகு நேரம் குறைந்ததைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். அது உங்களுக்கும் ஏற்பாட்டாளருக்கும்தான் தெரியும். கூட்டத்துக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

டத்தோ, டத்தோஸ்ரீ, டான்ஸ்ரீ

மேடையில் யாருக்கு எந்தப் பட்டம் என்ற பட்டியலை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஊகிக்காதீர்கள்.

எல்லாத் தலைப்பிலும் பேசுவது

காலையில் தேர்வு, மாலையில் தொழில்முனைவு, அடுத்த வாரம் கணவன் மனைவி உறவு என்று பேசினால் உங்களை எதற்கு அழைப்பது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு தலைப்பு போதும், அவற்றில் ஆழமாகப் போங்கள்.

சுவரொட்டியில் ‘அனைத்துலகப் பேச்சாளர்’

வேண்டாம்.

சான்றிதழைத் தள்ளிப்போடுவது

பள்ளி, கோயில், சங்க மேடைகளை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். நிறுவனப் பயிற்சிகளுக்குப் போயே ஆக வேண்டும். பெரும்பாலான துறைகளில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்கள் உள்ள முதலாளிகள், 2001 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சம்பளத்தில் 1% லெவியை (கட்டாயப் பங்களிப்பு) மனிதவள மேம்பாட்டு நிறுவனமான எச்ஆர்டி கார்ப்புக்குக் கட்டுகிறார்கள். பயிற்சிக்கு அந்தப் பணத்தைத்தான் எடுக்கப் பார்ப்பார்கள். அதனால் மனிதவளப் பிரிவு கேட்கும் முதல் கேள்வியே உங்களுக்கு அங்கே பயிற்றுநர் அங்கீகாரம் உண்டா என்பதுதான். எத்தனை கைதட்டல் வாங்கியிருந்தாலும் அந்த இடத்தில் உதவாது. பயிற்றுநருக்கான சான்றிதழ்ப் பயிற்சியை முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள்.

கட்டணத்தைச் சொல்லக் கூசுவது

‘உங்களைப் பார்த்துக் கவனிச்சுக்கிறோம் தம்பி’ என்பார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்வார்கள். ஆனால் பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வர ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பெட்ரோலும் டோலும் உங்கள் பையிலிருந்துதான் போகும். கவரைப் பிரித்த பிறகு மனம் வருந்துவதைவிட, ஒப்புக்கொள்ளும் அன்றே தொகை, பயணச் செலவு, பணம் தரும் நாள் மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இலவசமாகப் பேச விரும்பினால் தாராளமாகப் பேசுங்கள். அதையும் அந்தச் செய்தியிலேயே எழுதுங்கள்: ‘என் வழக்கமான கட்டணம் இவ்வளவு, உங்கள் பள்ளிக்காக வாங்கவில்லை’ என்று.