அழுகிய வேர்களிலிருந்து மீண்ட ஆர்க்கிட்

சென்னையில் எங்கள் பால்கனியில் வளரும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் இலைகள், தொட்டி ஈரமாகவே இருந்தபோதும் துவண்டு சுருங்கத் தொடங்கின. செடியை வெளியே எடுத்துப் பார்த்ததும் காரணம் விளங்கியது: வாங்கும்போதே வேர்களின் நடுவில் இறுக்கமாகத் திணிக்கப்பட்டிருந்த பாசி, மேற்புறம் உலர்ந்த பின்னும் உள்ளே நீரைப் பிடித்துவைத்து வேர்களை அழுகச் செய்திருந்தது. காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் இச்செடியின் வேர்களுக்கு நீரைப் போலவே காற்றும் இன்றியமையாதது. அவற்றைச் சூழ்ந்துள்ள ‘வெலமன்’ என்னும் பஞ்சு போன்ற உறை, மழைநீரை விரைவாக உறிஞ்சிக்கொண்டு பிறகு காற்றில் உலர்வதற்கென்றே அமைந்தது.

பாசி முழுவதையும் நீக்கி, விரலால் அழுத்தினால் குழைந்த பழுப்பு வேர்களைத் தீயில் காட்டிய கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, செடியை நிழலில் உலரவிட்டேன். பிறகு பக்கவாட்டிலும் துளைகள் உள்ள மண்தொட்டியில், கழுவிய அடுப்புக்கரி, ஓட்டுத்துண்டுகள், ஊறவைத்து உப்பு நீக்கிய தேங்காய் மட்டைத் துண்டுகள் ஆகியவற்றைத் தளர்வாக நிரப்பி நட்டேன். மண் சேர்க்கவே கூடாது.

இப்போது வேர்கள் வெள்ளி நிறமாக மாறினால் மட்டுமே காலையில் நீர் ஊற்றுகிறேன். பச்சையாக இருக்கும்வரை ஊற்றுவதில்லை. நடுக்குருத்தில் தேங்கும் நீரைத் துணியால் ஒற்றி எடுப்பது மிக அவசியம், ஏனெனில் ஒரே தண்டாக வளரும் இச்செடி, குருத்து அழுகிவிட்டால் பிழைப்பது அரிது. புதிய வேர்முனைகள் தெரிந்த பிறகே, மிகவும் நீர்த்த உரக்கரைசலைத் தொடங்கினேன். பழைய இலைகள் முழுமையாக நிமிரவில்லை என்றாலும் புதிய இலை விறைப்பாக வந்திருக்கிறது. பூத்தண்டு எழுவதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும் என்பதால், சென்னையில் அதை மார்கழி, தை மாதங்களை ஒட்டியே எதிர்பார்க்க முடியும்.