சென்னையில் வீட்டுச் சோலார்: செலவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொட்டை மாடியில் சோலார் பேனல் வைக்க நினைப்பவர்களில் பலர், "கிலோவாட்டுக்கு என்ன விலை?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். சென்னையில் 3 கிலோவாட் அமைப்புக்கு, மானியத்தைக் கழிக்காமல், ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய் ஆகிறது. பேனலின் தரத்தையும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் உயரத்தையும் பொறுத்து இது சற்று ஏறும், இறங்கும். இந்தத் தொகை உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானதா என்பதை விலைப்பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு ஓராண்டில் வந்த ஆறு மின் கட்டணங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் அளவை முடிவு செய்வதே தவறுகளில் பெரியது என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் பொருந்துகிறது. சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட், அதாவது இரண்டு மாதத்தில் சுமார் 240 யூனிட் தருகிறது. இந்த இரண்டு விவரங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான இலாபம் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை முதல் வீடுகள் செலுத்திவரும் விகிதத்தில் அதன் கட்டணம் சுமார் 1,175 ரூபாய். ஒரு கிலோவாட் அமைத்தால், பேனல் தரும் 240 யூனிட் கழிந்து 160 யூனிட்டுக்கு மட்டுமே கணக்கு வருவதால், கட்டணம் 140 ரூபாய் அளவுக்குக் குறைந்துவிடும். இரண்டாவது கிலோவாட் சேர்க்கும்போது மிச்சமாவது அந்த 140 ரூபாய்தான். எஞ்சிய மின்சாரம் அடுத்த கணக்குக்கு வரவாகப் போனாலும், அந்தக் கணக்கிலும் பயன்பாடு இதே அளவில் இருந்தால் அதனால் பெரிய பயன் இல்லை. இதற்கு மாறாக, இரண்டு ஏசி ஓடி 900 யூனிட் வரும் வீட்டின் கட்டணம் சுமார் 5,800 ரூபாய். அங்கே 2 கிலோவாட் அமைத்தால் கணக்கு 420 யூனிட்டுக்கு இறங்கி, 500 என்ற எல்லைக்குள் வந்துவிடுவதால், கட்டணம் சுமார் 1,300 ரூபாயாகிறது. ஒரே அளவு பேனல், ஒரே விலை. ஆனால் ஒரு வீட்டில் நான்கு ஆண்டுகளுக்குள் போட்ட பணம் திரும்பிவிடக்கூடும், மற்றொன்றில் பத்தாண்டுகளுக்கு மேலும் இழுக்கலாம். 400 யூனிட் வீட்டுக்கு 3 கிலோவாட் பரிந்துரைப்பவர் உங்கள் செலவைக் குறைக்க வந்தவர் அல்லர். கோடையில் வந்த ஒரே ஒரு பெரிய கட்டணத்தை அடிப்படையாக வைத்து அளவை முடிவு செய்வதும் இதே தவற்றின் மறுபக்கம்தான்.

அடுத்தது மானியம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தில், முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் ஒன்றிய அரசு தருகிறது. உச்சவரம்பு 78,000 ரூபாய். எனவே 5 கிலோவாட் அமைத்தாலும் இதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வராது. இந்தத் தொகை முன்கூட்டியே கிடைப்பதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பேனல் பொருத்தி, மின்வாரியம் நெட் மீட்டர் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வீட்டிலிருந்து வெளியே போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) வைத்து, அமைப்பு இயங்கத் தொடங்கிய பிறகே அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். மானியத்தைக் கழித்த தொகையை மட்டும் பெரிய எழுத்தில் காட்டும் கொட்டேஷனை நம்பி, கையில் அவ்வளவு மட்டும் வைத்துக்கொண்டு இறங்குபவர்கள் நடுவில் கடன் தேட நேரிடுகிறது.

மானியம் கைநழுவிப்போகும் வழிகளும் உண்டு. பேனலும், அதற்குள் மின்சாரத்தை உண்டாக்கும் சிறு தகடுகளான செல்களும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். இறக்குமதிச் செல் பொருத்திய பேனல் விலை குறைவு என்று வாங்கினால் மானியம் கிடைக்காது. திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனமே பொருத்த வேண்டும். விண்ணப்பிப்பவர் பெயரும் மின் இணைப்பின் பெயரும் பொருந்த வேண்டும். காலமான தந்தையின் பெயரிலேயே இணைப்பு தொடரும் வீடுகள் சென்னையில் ஏராளம். அந்த வீட்டார் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுச் சோலார் பக்கம் வருவது நல்லது.

வரியையும் கவனிக்க வேண்டும். சோலார் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் தயாரித்த பழைய விலைப்பட்டியலை அப்படியே நீட்டுகிறார்களா என்று பாருங்கள்.

தாங்கும் சட்டத்தில் சிக்கனம் பார்ப்பது இந்த நகரத்தில் ஆபத்தானது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை என்ன செய்தது என்பது நினைவிருக்கும். கட்டடங்களின் காற்றுச்சுமைக்கான இந்தியத் தரநிலை, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரை, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரை, எடுத்துக்கொள்கிறது. துணி உலர்த்தவும் வடகம் காயப்போடவும் மாடி வேண்டும் என்பதற்காகப் பேனலை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி வைக்கும் வழக்கம் இங்கே அதிகம். அது நியாயமான விருப்பம்தான், ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் விசையும் இரும்பின் செலவும் கூடும் என்பதால், அந்த உயரத்துக்கான வடிவமைப்பு எந்தக் காற்று வேகத்தைத் தாங்கும் என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று வேறு. அங்கே சாயம் பூசிய சாதாரண இரும்பு சில ஆண்டுகளிலேயே துருப்பிடிக்கும்; உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கால்வனைஸ் இரும்பும், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளும் அவசியம். தளத்தைத் துளையிட்டுக் கால்களைப் பொருத்துகிறார்கள் என்றால், மழைநீர் கசிந்தால் யார் சரிசெய்வது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

நிழலைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். அது நிழல் விழாத 100 சதுர அடியாக இருக்க வேண்டும். பேனல்கள் வரிசையாக இணைக்கப்படுவதால், தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒன்றின் மேல் விழுந்தாலும் வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையக்கூடும். தெற்கில் உள்ள பக்கத்து மனை காலியாக இருந்தால், நாளை அங்கே எத்தனை மாடி எழும் என்பதையும் யோசித்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மின்வெட்டின்போது சோலார் கைகொடுக்கும் என்று நம்பி வாங்கி ஏமாறுபவர்களும் உண்டு. பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு இயங்கும் அமைப்பு, மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு மின்சாரம் பாயாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. பேட்டரி வேண்டுமென்றால் செலவு கணிசமாகக் கூடும், அந்தக் கூடுதலுக்கு மானியமும் இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பொது மொட்டை மாடியைத் தனியொருவர் பயன்படுத்தச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். லிஃப்ட், மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்காகச் சங்கமே அமைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. பொது இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது என்பதால், அங்கே உற்பத்தியாகும் முதல் யூனிட்டிலிருந்தே பணம் மிச்சமாகும்.

கொட்டேஷன்களை ஒப்பிடும்போது இறுதித் தொகையை மட்டும் பார்க்காமல் எர்த்திங், இடிதாங்கி, கேபிளின் நீளம், மீட்டர் கட்டணம் ஆகியவை உள்ளே இருக்கின்றனவா என்று வரிவரியாகப் படிக்க வேண்டும். "25 ஆண்டு உத்தரவாதம்" என்பது பேனலின் உற்பத்தித் திறனுக்கு மட்டுமே உரியது. பேனலின் மின்சாரத்தை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு அது பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகள்தான். பேனலின் ஆயுளுக்குள் ஒருமுறையாவது இன்வெர்ட்டரை மாற்ற வேண்டிவரும் என்று எடுத்துக்கொண்டு, அந்தச் செலவையும் முதலீட்டுக் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.