தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரை வேகத்தடையில் உரசாமல் ஏற்றி இறக்குவது எப்படி

மாருதி ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி, அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவே உள்ள உயரம், 163 மி.மீ. போர்ஷே 911 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் அது ஏறக்குறைய 110 மி.மீ.தான். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர் 100 மி.மீ. உயரம் என்றால் மிச்சம் வெறும் 10 மி.மீ. என்று கணக்குப் போட்டு, வண்டியை வெளியே எடுக்கவே தயங்குகிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கு பாதிதான் சரி. அடி உரசுமா உரசாதா என்பதைத் தடையின் உயரத்தைவிட, வண்டி போகும் திசையில் அதன் அகலம்தான் தீர்மானிக்கிறது.

சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 விதிமுறை 1988-இல் சொன்ன தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கென வகுக்கப்பட்டது. 911-இன் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 2,450 மி.மீ. என்பதால், நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் தடையின் மேலேயே இருக்கும் கட்டம் வரும். அப்போது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே தடை துருத்துவது 44 மி.மீ. மட்டுமே. மூக்குக்கும் ஆபத்தில்லை. முன்டயர் தடையின் விளிம்பைத் தொடும்போது, 90 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பம்பர் நுனிக்குக் கீழே தடை 74 மி.மீ. உயர்ந்திருக்கும். இன்னும் 36 மி.மீ. கையிருப்பு.

தொல்லையெல்லாம் அரை மீட்டர் அகலத்தில் தார் கொட்டி மேடாக்கிய தடைகளிலும், போல்ட் அடித்த ரப்பர் தடைகளிலும்தான். முன்டயர் ஏறுவதற்குள் மூக்கு அதன் உச்சியைத் தாண்டியாக வேண்டும். முன்டயர் இறங்கிப் பின்டயர் ஏறும்வரை, வண்டியின் அடி சமதரையில் நிற்கும் உயரத்திலேயே தடையைக் கடந்தாக வேண்டும். தடை 100 மி.மீ. இருந்தால் 10 மி.மீ.தான் உங்கள் கையில். 130 மி.மீ. இருந்தால் எந்தத் திறமையும் காப்பாற்றாது, வேறு வழியாகப் போவதுதான் உத்தமம்.

அந்த 10 மி.மீ.யைத் தின்பது பெரும்பாலும் பிரேக். பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்ந்து மூக்கு தாழும். ஆகவே தடைக்கு ஐந்தாறு மீட்டர் முன்பே வேகத்தை முழுக்கக் குறைத்துவிடுங்கள். தடைக்கு ஒரு மீட்டர் முன்னால் பிரேக்கை முழுதாக விட்டு, மூக்கு நிமிர்ந்த பிறகு நடைவேகத்தில் ஏற்றுங்கள். முன்சக்கரம் உச்சியைத் தாண்டியதும் வண்டி தானாக விழப் பார்க்கும். அங்கே மட்டும் பிரேக்கை மெல்லத் தொட்டு இறக்கலாம். வேகமாக விழுந்தால் ஸ்பிரிங் அமுங்கி, அடி வழக்கமான உயரத்துக்கும் கீழே போய்விடும். முன்சக்கரம் இறங்கிய நிம்மதியில் ஆக்சிலரேட்டரை மிதிப்பது அடுத்த தவறு. மிதித்தால் பின்பக்கம் அமுங்கும். பின்சக்கரமும் முழுக்க இறங்கட்டும்.

கியர் முதலாவதில் இருக்கட்டும். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள வண்டியை ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் பிடித்து நிறுத்தாதீர்கள், கிளட்ச் சூடேறும். மேனுவல் என்றால் ஹாஃப் கிளட்சில் நீண்ட நேரம் தொங்க வேண்டாம். பக்கத்தில் ஆள் இருந்தால் இறக்கிவிடுவது சங்கடமான காரியம்தான். ஆனால் ஒரு ஆளின் எடை சில மில்லிமீட்டரை விழுங்கும், சில மில்லிமீட்டர்தான் இங்கே பிரச்சினையே.

குறுக்காக ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. லேசான கோணம் மூக்குக்கு மட்டுமே ஓரளவு உதவும். பம்பரின் ஓரங்கள் பின்வாங்கி வளைந்திருப்பதால், மூக்கு தடையை எட்டிய பிறகு, நேராக ஏற்றுவதைவிடச் சீக்கிரமாக ஒரு பக்க டயர் ஏறத் தொடங்கிவிடும். அடிவயிற்றைக் காக்க வேண்டுமானால் எந்நேரமும் ஏதாவது ஒரு சக்கரம் தடையின் மேல் இருக்க வேண்டும். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 1.6 மீட்டர் இடைவெளியும் 2,450 மி.மீ. வீல்பேஸும் கொண்ட வண்டிக்கு, அரை மீட்டர் தடையில் எவ்வளவு திருப்பினாலும் அது முழுமையாக நடக்காது. நன்றாகத் திருப்பி ஏற்றும் அளவுக்கு இடமும் ஆளில்லாத சாலையிலோ அடுக்குமாடி வளாகத்துக்குள்ளோதான் கிடைக்கும். மற்ற இடங்களில் பைக்குகள் இரு பக்கமும் புகுந்து வரும். திருப்புவதற்கு முன் இண்டிகேட்டர் போட்டு, இரண்டு கண்ணாடியும் பாருங்கள். குறுக்காக ஏறும்போது இறுக்கமான சஸ்பென்ஷன் உள்ள காரில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கக்கூடும். பதறி மிதிக்க வேண்டாம்.

முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட் வசதி உள்ளவர்கள் அதன் எல்லையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 911-இல் அது மூக்கை ஏறக்குறைய 40 மி.மீ. உயர்த்தும், சுமார் 35 கி.மீ. வேகம் வரை வேலை செய்யும். ஆனால் உயர்வது முன் அச்சு மட்டுமே. வண்டியின் நடுப்பகுதிக்குக் கிடைப்பது பாதி, அதாவது 20 மி.மீ.தான். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூக்கு தப்பித்து நடுவயிறு அடிபடுவது இதனால்தான். தூக்கிய நிலையில் சக்கரம் கீழே தொங்குவதற்கான இடமும் குறைந்துவிடும், வேகமாக இறங்கினால் ‘டக்’கென்று தட்டும். தடை தெரிந்ததுமே பொத்தானை அழுத்துங்கள். உயர சில நொடிகள் ஆகும்.

உரசிவிட்டால் சத்தத்தைக் கவனியுங்கள். ‘சர்ர்’ என்று தேய்ந்தால் பெரும்பாலும் பம்பரின் கீழ் லிப். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘டங்’கென்று உலோகச் சத்தம் கேட்டால் ஓரங்கட்டி நிறுத்திக் குனிந்து பாருங்கள். நிறமில்லாத தண்ணீர் சொட்டினால் ஏசி தண்ணீர். நிறமும் வழவழப்பும் இருந்தால் கூலன்ட் அல்லது ஆயில். ஆயில் பிரஷர் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த நொடியே இன்ஜினை அணைத்து, வண்டியைத் தூக்கிச் செல்லும் லாரியை அழையுங்கள். அடியை மூடும் பிளாஸ்டிக் தகட்டின் கிளிப் கழன்று தொங்கினால் அப்படியே ஓட்டாதீர்கள். காற்று புகுந்து தகடு முழுவதையும் கிழித்துவிடும்.

தினமும் கடக்க வேண்டிய தடை உங்கள் குடியிருப்பு வளாகத்துக்குள் இருந்தால், காரை மாற்றுவதைவிடத் தடையைத் திருத்துவது எளிது. சங்கத்தின் சம்மதத்தோடு இரு பக்கமும் ஏறக்குறைய 1.6 மீட்டர் சரிவு சேர்த்தால் அரை மீட்டர் தடை மேலே சொன்ன 3.7 மீட்டர் தடையாகிவிடும். கொத்தனாரிடம் கொடுக்க வேண்டிய அளவு: விளிம்பிலிருந்து 45 செ.மீ. தூரத்தில் 43 மி.மீ. உயரம், 90 செ.மீ.யில் 74, 135 செ.மீ.யில் 93, நடுவில் 100. பொதுச் சாலைத் தடையில் மட்டும் நீங்களே கை வைக்கக் கூடாது. அதற்கு மாநகராட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ அகலத்தையும் உயரத்தையும் அளந்து, படத்தோடு மனு கொடுங்கள்.