கோல்கை உறுப்பைப் படிக்க இன்சுலினைப் பின்தொடருங்கள்

செல்லுக்குள் புரதங்களைப் பக்குவப்படுத்தி உரிய இடத்துக்கு அனுப்பும் கோல்கை உறுப்பின் படத்தை மனப்பாடம் செய்வதைவிட, ஒரே ஒரு புரதத்தின் பயணத்தைத் தொடர்ந்து செல்வது எளிது. அதற்கு இன்சுலினைப் பரிந்துரைப்பேன்.

கணையத்தின் பீட்டா செல்லில், புரதங்கள் உருவாகும் எண்டோபிளாச வலையில் மடிந்து மூன்று டைசல்ஃபைடு (கந்தக) பிணைப்புகளைப் பெற்ற, 86 அமினோ அமிலங்கள் கொண்ட, இன்சுலினின் முன்வடிவமான புரோஇன்சுலின், நுண்பைகளில் ஏறிக் கோல்கையின் சிஸ் (நுழைவு) பக்கத்தை அடைந்து, அடுக்குகளைக் கடந்து டிரான்ஸ் (வெளியேறும்) பக்கத்தில் சுரப்புத் துகள்களுக்குள் அடைக்கப்படுகிறது. அத்துகள்களில்தான் நடுவிலுள்ள சி-பெப்டைடு என்னும் துண்டு பெரும்பாலும் வெட்டி நீக்கப்பட்டு, 51 அமினோ அமிலங்களுடைய இன்சுலின் மிஞ்சுகிறது.

வெட்டப்பட்ட துண்டு வீணாவதில்லை. இரத்தத்தில் குளுக்கோஸ் உயரும்போது துகள்கள் செல்சவ்வுடன் இணைந்து இன்சுலினையும் சி-பெப்டைடையும் சம எண்ணிக்கையில் வெளியேற்றுவதாலும், ஊசி மருந்தான இன்சுலினில் சி-பெப்டைடு இல்லாததாலும், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவரின் கணையம் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்பதை சி-பெப்டைடு இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த அளவு கூடுதலாகத் தெரியலாம் என்பதால், முடிவை மருத்துவரிடம் காட்டியே புரிந்துகொள்ள வேண்டும்.

இன்சுலினில் ஒரு குறை உண்டு: அதில் சர்க்கரைச் சங்கிலி ஏதும் இணைவதில்லை. சர்க்கரைச் சங்கிலிகளை மாற்றியமைக்கும் கோல்கையின் வேலைக்கு, செல்லின் கழிவுகளைச் செரிக்கும் பையான லைசோசோமின் நொதிகளைப் பாருங்கள். சிஸ் பகுதியில் அவற்றின் சர்க்கரைச் சங்கிலியில் மேனோஸ்-6-பாஸ்பேட் என்னும் முகவரிச் சீட்டு ஒட்டப்படுகிறது. அது ஒட்டப்படாத ஐ-செல் என்னும் மரபு நோயில், பல திசுக்களில் நொதிகள் லைசோசோமுக்குப் போகாமல் செல்லுக்கு வெளியே கொட்டப்படுகின்றன.