காயத்தில் காப்பித்தூள் வைக்காதீர்கள்

சம்பா அறுவடை முடிந்த வயலில் கபடி ஆடிவிட்டு முழங்கால் சிராய்க்காமல் வீடு திரும்பியவர்கள் குறைவு. காய்ந்த களிமண் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், அறுத்த நெல்லின் அடித்தாள் உள்ளங்காலில் குத்தும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் பொங்கல் ஆட்டத்தில் ஒருவன் விழுந்தால் முதலில் ஒரு பிடி மண்ணை அள்ளி அப்புவார்கள். வீட்டுக்குப் போனதும் காப்பித்தூள். என் சித்தப்பா மகனுக்கு இரண்டும் நடந்தது. மறுநாள் செவிலியர் அதையெல்லாம் தேய்த்து எடுத்தபோது அவன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எடுக்க முடியாமல் தங்கிய மண் துகள்கள் இன்றும் அவன் முழங்காலில் பச்சை குத்தினாற்போல் தெரிகின்றன.

தூள் வைத்தால் ரத்தம் நிற்கிறதே என்பார்கள். சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்தினாலும் நிற்கும். இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து வந்துவிடும்.

அப்புறம் கழுவ வேண்டும். இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். குடிக்கிற குழாய்த் தண்ணீர் 5 நிமிடமாவது காயத்தின் மேல் ஓடட்டும். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் தோல் வழண்ட இடத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவதும், நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் விடுவதும் கிருமியோடு சேர்த்துப் புதுத்தோல் செல்களையும் கொல்லும். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

‘காற்றாட விடு, காயட்டும்’ என்பதும் சரியில்லை. சிராய்ப்பில் மேல்தோல் உரிந்து, ரத்தக் குழாயும் நரம்பு நுனியும் உள்ள அடித்தோல் திறந்துவிடுகிறது. ஆழமில்லாத காயம் அப்படி எரிவது அதனால்தான். புதுச் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் நகர்ந்து வந்து அதை மூட வேண்டும். ஈரம் இருந்தால் சுலபமாக நகரும். பொருக்குத் தட்டிவிட்டால் அதன் அடியைக் குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கும். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் செய்த சோதனையில், மூடி ஈரமாக வைத்த காயங்கள் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் தோல் மூடின. கழுவிய காயத்தில் கொஞ்சம் வாசலின் தடவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டுங்கள். தினமும் மாற்றுங்கள். அழுக்கானால் உடனே மாற்றுங்கள்.

பெரிய சிராய்ப்பைக் கண்டு பதறுகிறவர்கள், தாள் குத்திய சின்ன ஓட்டையைக் கண்டுகொள்வதில்லை. எனக்குப் பயமே அதில்தான். ரண ஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் கிடக்கின்றன. காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயம் அவற்றுக்கு வசதியான இடம். மண் பட்ட காயம் என்றால், கடைசி ரண ஜன்னித் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். 10 வயதிலும் 16 வயதிலும் போட்டதோடு பலர் மறந்துவிடுகிறார்கள்.

சுளுக்குக்கு எண்ணெய் போட்டு உடனே நீவிவிடாதீர்கள். மூட்டைக் கட்டியிருக்கும் தசைநார் இழைகள் அறுந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகிற நேரம் அது. நீவினால் கசிவு கூடும். தொடையில் பலமாக அடிபட்ட இடத்தை அழுத்தி நீவினால், சிலருக்குத் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடும். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். நாலு அடி கூட நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும், தொடை இடுக்கில் நெறி கட்டினாலும் மருத்துவரிடம் போகத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை உள்ளவர் இதற்கெல்லாம் காத்திருக்கவே வேண்டாம்.

தையல் பிரித்த மறுநாளே ஆட இறங்குகிறவர்களும் உண்டு. வெட்டுக்காயம் ஆறிய தோலுக்கு 3 வாரத்தில் பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். எத்தனை மாதம் ஆனாலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வராது. கொஞ்ச நாள் பொறுத்து, அந்த இடத்தில் ‘நீ கேப்’ (முழங்கால் உறை) மாட்டிக்கொண்டு ஆடட்டும்.