என்.எச்.எஸ். மருத்துவக் கருவிப் பராமரிப்பு வேலை: பதவிப் பெயரை விடுங்கள், பேண்டைப் பாருங்கள்

ஊரில் பி.இ. பயோமெடிக்கல் முடித்து, ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு பிரிட்டன் வருபவர்கள் முதலில் ‘பயோமெடிக்கல் இன்ஜினியர்’ என்றுதான் வேலை தேடுகிறார்கள். அதிகம் சிக்காது. இங்கே மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவுக்கு இடத்துக்கு இடம் ஒரு பெயர்: ஈ.பி.எம்.ஈ. (எலக்ட்ரோ பயோமெடிக்கல் இன்ஜினியரிங்), கிளினிக்கல் இன்ஜினியரிங், மெடிக்கல் பிசிக்ஸ். ஒரு ட்ரஸ்டில் (என்.எச்.எஸ். எனும் பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையில் ஆஸ்பத்திரிகளை நடத்தும் அமைப்பு) கிளினிக்கல் டெக்னாலஜிஸ்ட் என்று இருப்பவர், பக்கத்து ட்ரஸ்டில் மெடிக்கல் டிவைஸ் டெக்னீஷியன். என்.எச்.எஸ். ஜாப்ஸ் தளத்தில் எல்லாப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். ‘டெக்னீஷியன்’ என்றிருப்பதைப் பார்த்து, படித்த படிப்புக்கு இதுவா என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பார்க்க வேண்டியது பேண்ட், அதாவது சம்பள நிலை எண். டாக்டர்கள், பல் மருத்துவர்கள், மேல்மட்ட நிர்வாகிகள் தவிர மற்ற எல்லாருக்கும் 2004 முதல் ‘அஜெண்டா ஃபார் சேஞ்ச்’ என்ற ஒரே சம்பள அடுக்குதான். நம் துறையில் பேண்ட் 3, 4 என்றால் பெரும்பாலும் உதவி வேலை: வார்டுகளிலிருந்து பம்புகளைத் திரட்டிவருவது, எளிய சோதனைகள் செய்வது. டிகிரியும் அனுபவமும் உள்ளவர்கள் குறிவைக்க வேண்டியது 5.

பேண்ட் 5 ஆளின் மேசையில் என்ன நடக்கும்? ஒரு சிரிஞ்ச் பம்ப் வருகிறது. தொற்றுநீக்கம் செய்த சான்று அதோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையே வைக்க வேண்டும். பிறகு அனலைசரில் மாட்டி, மருந்து சரியான வேகத்தில் போகிறதா, குழாய் அடைத்தால் அலாரம் அடிக்கிறதா, பேட்டரி தாங்குகிறதா என்று சோதனை. மின் பாதுகாப்புச் சோதனைக்கு ஐ.இ.சி. 62353 என்ற சர்வதேசத் தரநிலை. எர்த் உள்ள கருவி என்றால், கழற்றி மாட்டும் ஒயரோடு சேர்த்து எர்த் மின்தடை 0.3 ஓமுக்குள் இருக்க வேண்டும். இதயத்தோடு நேரடித் தொடர்புக்கு ஏற்ற சி.எஃப். வகைக் கருவியில் நோயாளிப் பக்க மின்கசிவு 50 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது. முடித்ததும் ஸ்டிக்கர், கணினிப் பதிவு. பதிவு இல்லையென்றால் வேலையே நடக்கவில்லை என்றுதான் இங்கே கணக்கு.

6 என்றால் வென்டிலேட்டர், மயக்க மருந்து இயந்திரம், டயாலிசிஸ் என்று ஏதாவது ஒன்றில் ஆழம். 7-இல் ஒரு குழு உங்கள் பொறுப்பு. 8ஏ தொட்டால் ஸ்க்ரூடிரைவரை மறந்துவிட வேண்டியதுதான். ஒப்பந்தமும் பட்ஜெட்டும்தான் பேச்சு. கிளினிக்கல் சயின்டிஸ்ட் தனிப் பாதை. எச்.சி.பி.சி. (மருத்துவத் துறைத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது சட்டப்படி தவறு.

நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான்: வருஷம் ஓடினால் பேண்டுக்குள் சம்பளப் படி ஏறும், பேண்ட் பொதுவாக ஏறாது. 6 வேண்டுமென்றால் காலியிடம் வரும்போது விண்ணப்பம் போட்டு, நேர்காணலில் மற்றவர்களோடு போட்டியிட வேண்டும். ஊர் அனுபவத்தைக் காட்டி மேல் படியில் தொடங்க முடியுமா என்பதை, வேலையை ஏற்றுக்கொள்ளும் முன்பே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

விண்ணப்பத்தில் ‘பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்’, அதாவது வேலைக்கு வேண்டிய தகுதிகளின் பட்டியல்தான் உயிர். அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஓர் உதாரணம் எழுதுங்கள். மதிப்பெண் போடுபவர் உங்கள் மனதைப் படிக்க மாட்டார். பட்டத்துக்கு இணைமதிப்புச் சான்று யூகே எனிக் என்ற அமைப்பில் கிடைக்கும். ஆர்.சி.டி. எனும் கிளினிக்கல் டெக்னாலஜிஸ்டுகளின் பதிவேட்டில் சேர்வது கட்டாயமில்லை, ஆனால் அதைக் கேட்கும் விளம்பரங்கள் நிறைய.

சி.டி., எம்.ஆர்.ஐ.யில் கைதேர்ந்தவர் என்றால் உங்கள் இடம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி இல்லை, நிறுவனங்கள்தான். சீமென்ஸ், ஜி.இ., பிலிப்ஸ் தளங்களில் ஃபீல்டு சர்வீஸ் இன்ஜினியர் என்று தேடுங்கள். அதற்கு வண்டி ஓட்டத் தெரிய வேண்டும். இந்திய, இலங்கை லைசென்ஸ் இங்கே குடியேறிய 12 மாதம் வரைதான் செல்லும். டெஸ்டுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு, அதனால் வந்ததுமே புரொவிஷனல் லைசென்ஸுக்கு (பழகுநர் உரிமம்) விண்ணப்பித்துவிடுங்கள்.